மும்பையில் ஏற்றி மொம்பாசாவில் இறக்கிய வண்டி: ஒரு முகாம் பயணத்தின் எடைக் கணக்கு

தரைவழியாக நாடு விட்டு நாடு சென்று, இரவுதோறும் கூடாரத்தில் தங்கும் பயணத்துக்கு ஒரு வண்டியை ஆயத்தம் செய்யும் வேலை, பொருள்களைச் சேர்ப்பதைக் காட்டிலும் கழிப்பதிலேயே பெரும்பாலும் நடக்கிறது. மொம்பாசாவில் தொடங்கி, கென்யா, தான்சானியா, ஜாம்பியா, போட்ஸ்வானா வழியாக நமீபியாவின் வால்விஸ் பே துறைமுகம் வரை எங்கள் சொந்த வண்டியிலேயே செல்வது என்று நானும் மனைவியும் மைத்துனரும் முடிவு செய்த பிறகு, மும்பை செம்பூரில் எங்கள் குடியிருப்பின் வண்டி நிறுத்துமிடத்திலும், குர்லாவில் ஒரு பட்டறையிலும், தாராவியில் ஒரு தையல் கூடத்திலும் நடந்த வேலைகளை இங்கே பதிவு செய்கிறேன். இத்தகைய வண்டிகளைப் பற்றிய குறிப்புகள் பெரும்பாலும் தென்னாப்பிரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் கிடைக்கும் ஆயத்தப் பொருள்களை மனத்தில் வைத்தே எழுதப்பட்டிருக்கின்றன. நாக்தேவி தெரு, லோஹார் சால், லேமிங்டன் சாலை ஆகிய மும்பைக் கடைத்தெருக்களை நம்பி வேலை செய்பவருக்கு அவை பாதிதான் உதவும்.

எங்களிடம் இருந்தது பி.எஸ். 4 (பாரத் ஸ்டேஜ் எனும் வண்டிப் புகை விதிமுறையின் நான்காம் நிலை) காலத்து ஸ்கார்ப்பியோ, நான்கு சக்கர இயக்கம் கொண்டது. புதிய வண்டி வாங்கிச் செல்லலாமே என்று கேட்டவர்கள் உண்டு. பி.எஸ். 6 விதிமுறை 2020 ஏப்ரலில் வந்தபோது டீசலில் கந்தகத்தின் அளவு பத்து லட்சத்தில் 50 பங்கிலிருந்து 10 பங்காகக் குறைக்கப்பட்டது. அந்த எரிபொருளை நம்பியே புதிய டீசல் வண்டிகளின் புகைத்துகள் வடிகட்டிகள் வடிவமைக்கப்பட்டிருக்கின்றன. கிழக்கு ஆப்பிரிக்க நாடுகள் 2015இல் 50 பங்கு அளவுக்கு வந்தன. அது பழைய வண்டிக்கு இயல்பான உணவு, புதிய வண்டியின் வடிகட்டிக்கோ அடைப்பை உண்டாக்கக்கூடியது. நாங்கள் கடந்த ஐந்து நாடுகளிலும் சாலையின் இடப்பக்கமே வண்டி ஓடுகிறது என்பதால், வலப்பக்க ஸ்டீயரிங் குறித்து எந்தக் கவலையும் எழவில்லை.

வேலை தொடங்குமுன் மூன்று வரம்புகளைச் சுவரில் எழுதி ஒட்டினோம். முதலாவது, இந்தியச் சட்டம். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவு, தயாரிப்பாளர் குறித்த அமைப்பிலிருந்து வண்டியை மாற்றுவதைத் தடுக்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் இதை உறுதிசெய்தது. முன்புறம் பொருத்தும் இரும்புத் தடுப்புச் சட்டங்கள் 2017 டிசம்பரிலேயே தடை செய்யப்பட்டுவிட்டன. ஆகவே, உடற்தகட்டில் ஒரு புதிய துளைகூட இடக் கூடாது. வைப்பவை அனைத்தும் ஏற்கெனவே உள்ள போல்ட்டுகளில் அமர்ந்து, ஸ்பேனரால் கழற்றி எடுக்கத் தக்கவையாக இருக்க வேண்டும். இரண்டாவது, 20 அடி கன்டெய்னரின் கதவு. அதன் உயரம் ஏறத்தாழ 2.28 மீட்டர், எங்கள் வண்டியின் கூரையோ தரையிலிருந்து 2 மீட்டரை ஒட்டி நிற்கிறது. மூன்றாவது, காரனே எனப்படும் சுங்க ஆவணம். வண்டியைத் தற்காலிகமாக ஒரு நாட்டுக்குள் கொண்டுசென்று வரி கட்டாமல் வெளியே கொண்டுவர உதவும் இந்த ஏட்டை மும்பையில், 1919இல் தொடங்கப்பட்ட வெஸ்டர்ன் இந்தியா ஆட்டோமொபைல் அசோசியேஷன் வழங்குகிறது. எஞ்சின் எண், சேசிஸ் எண், நிறம், இருக்கைகளின் எண்ணிக்கை, கூடுதல் சக்கரங்கள் எல்லாம் அதில் எழுதப்படும். எழுதப்பட்டதற்கும் எல்லையில் நிற்கும் வண்டிக்கும் வேறுபாடு இருக்கக் கூடாது என்பதால், பின்பக்கத்து எதிரெதிர் இருக்கைகளைக் கழற்றி எறியும் எண்ணத்தை அப்போதே கைவிட்டு, அவற்றைச் சுவரோடு மடித்துக் கட்டி, நடுவில் எஞ்சிய 75 சென்டிமீட்டர் அகலத்துக்குள் எல்லாவற்றையும் அடக்குவது என்று தீர்மானித்தோம்.

பிறகு எடைக் கணக்கு. பதிவுச் சான்றிதழில் உள்ள மொத்த எடையிலிருந்து காலி எடையைக் கழித்தால் வண்டி சுமக்கக்கூடிய அளவு தெரியும். எங்களுக்கு அது 600 கிலோவை ஒட்டி வந்தது. கேட்கும்போது பெரிய எண்ணாகத் தோன்றும். மூன்று பேரின் உடல் எடைக்கு 200 கிலோவுக்கு மேல் போய்விடும், மூன்று பேரின் துணிமணிக்கு 40 கிலோ, தண்ணீருக்கு 40, உணவுக்கும் பாத்திரத்துக்கும் 50, கருவிகளுக்கும் உதிரிபாகங்களுக்கும் 45. இவற்றை எழுதிய பிறகு மிஞ்சும் இடத்தைப் பார்த்தால், விளம்பரப் படங்களில் வண்டிமேல் அடுக்கியிருக்கும் தளவாடங்கள் எவையும் நமக்கானவை அல்ல என்பது விளங்கிவிடும். நோட்டில் ஒரு பொருளை எழுதுமுன் வீட்டு எடை இயந்திரத்தில் நிறுத்து எழுதுவது என்று மைத்துனர் வைத்த விதி, வாங்க நினைத்தவற்றில் பாதியை வாங்காமலேயே தடுத்தது.

முதலில் கழிந்தது, வண்டியின் கூரைமேல் பொருத்தும் கூரைக் கூடாரம். அது இன்று ஒரு நாகரிகம். ஆப்பிரிக்கா என்றவுடன் அதைத்தான் எல்லோரும் நினைக்கிறார்கள். ஆனால் அது 50 முதல் 60 கிலோ எடையுள்ளது, தாங்கும் சட்டம் தனி. வண்டியின் உச்சியில் ஏற்றிய எடை வளைவுகளில் புவியீர்ப்பு மையத்தை உயர்த்துகிறது. கன்டெய்னர் கதவு அதை மடித்த நிலையிலும் உள்ளே விடாது. சிங்கத்துக்குப் பயந்துதான் அதை வாங்குகிறார்கள் என்றால், தான்சானியாவின் செரெங்கெட்டிப் பூங்காவின் நடுவே செரோனெராவில் உள்ள பொது முகாம்களுக்கு வேலியே இல்லை. அங்கே பயணிகள் பெரும்பாலும் தரைக் கூடாரத்தில்தான் உறங்குகிறார்கள். கூடாரத்தின் ஜிப்பை முழுவதும் மூடி, உணவையும் பழத்தையும் செருப்பையும் உள்ளேயோ வாசலிலோ வைக்காமல் வண்டிக்குள் பூட்டி வைத்தால் போதும். செருப்பைக் குறிப்பிடக் காரணம், கழுதைப்புலிக்குத் தோல் பொருள்கள்மேல் இருக்கும் ஆசை. இரண்டு தரைக் கூடாரங்களும் சேர்ந்து 11 கிலோவுக்குள் முடிந்தன. அவற்றோடு வரும் மெல்லிய அலுமினிய முளைகள் வறண்ட காலத்து இறுகிய மண்ணில் வளைந்துவிடும் என்பதால், 8 மில்லிமீட்டர் கட்டுமானக் கம்பியை வெட்டி, ஒரு முனையைக் கூராக்கி, மறுமுனையைக் கொக்கியாக வளைத்து வாங்கிக்கொண்டோம்.

பின்பக்கப் பெட்டி

பின்பக்கத்துக்கு ஓர் இழுப்பறைப் பெட்டி தேவைப்பட்டது. பத்தொன்பது மில்லிமீட்டர் பலகையில் செய்தால் அலமாரிக்குரிய உறுதி கிடைக்கும், அலமாரியின் எடையும் கூடவே வரும். எனவே 25 மில்லிமீட்டர் சதுர இரும்புக் குழாயில் ஒரு கூடு பற்றவைத்து, அதற்கு 9 மில்லிமீட்டர் மரைன் பிளைவுட்டைத் தோலாகப் போர்த்தினோம். அலுமினியத்தில் செய்தால் இன்னும் ஏழெட்டு கிலோ குறையும் என்று குர்லா பட்டறையின் உஸ்தாத் சொன்னது சரிதான். ஆனால் அலுமினியத்தைப் பற்றவைக்க வாயு உறையுடன் கூடிய தனி இயந்திரம் வேண்டும். இரும்பு விரிசல் விட்டால் சாதாரண ஆர்க் வெல்டிங் உள்ள எந்தச் சாலையோரப் பட்டறையிலும் பத்து நிமிடத்தில் வேலை முடியும். சாலையோரத்தில் சரிசெய்ய முடியாத எதையும் வண்டியில் ஏற்றுவதில்லை என்பது எடைக் கணக்குக்கு அடுத்தபடியாக நாங்கள் கடைப்பிடித்த கொள்கை, சில கிலோ கூடினாலும்.

மரத்திருகாணி ஒன்றுகூடப் போடவில்லை. சரளைச் சாலையின் இடைவிடாத அதிர்வில் மரத்திருகாணி தானே துளையை அகலப்படுத்திக்கொண்டு வெளியே வந்துவிடும். பலகையும் குழாயும் சேரும் இடமெல்லாம் ஊடுருவிச் செல்லும் 6 மில்லிமீட்டர் போல்ட், அகன்ற வாஷர், நைலான் வளையம் உள்ள நட்டு. இவற்றை நாக்தேவி தெருவில் கிலோ கணக்கில் வாங்கலாம். தரமான துருப்பிடிக்காத எஃகு வேண்டுமென்றால் காந்தம் ஒன்றைச் சட்டைப்பையில் கொண்டுசெல்வது உதவும், ஆனால் காந்தத்தில் ஒட்டாதது எல்லாமே நல்ல எஃகு என்று எடுத்துக்கொள்ள முடியாது. இழுப்பறைக்குப் பந்து பொருத்திய தண்டவாளங்களைத் தவிர்த்தோம். செம்மண் தூசு உள்ளே புகுந்தால் அவை அரைபட்டு நின்றுவிடும்; அவற்றுக்குப் பதிலாக வழுக்கும் பாலிஎத்திலீன் பட்டைகளை மேலும் கீழும் ஒட்டியதில், இழுக்கச் சற்று வலு வேண்டியிருந்தாலும் தூசு எந்தத் தொல்லையும் தரவில்லை. முழுக் கூட்டையும் நடு வரிசை இருக்கைகளின் அடிப்போல்ட்டுகளிலும், தரையில் ஏற்கெனவே உள்ள சாமான் கட்டும் கொக்கிகளிலுமாகப் பிணைத்தோம்.

துளையிடும் இயந்திரத்தின் சத்தத்துக்காகச் சொசைட்டி செக்ரட்டரி மாலை ஏழு மணிக்குமேல் வேலைக்குத் தடை விதித்தார். அதனால் ஓசையில்லாத மின்கம்பி வேலைகள் இரவுக்கு ஒதுக்கப்பட்டன.

மின்சாரம்

எங்களுக்குக் குளிர்பெட்டி இல்லாமலும் போயிருக்கலாம் என்றே இன்றும் நினைக்கிறேன். பாலும் தயிரும் இல்லாமல் ஒரு கண்டத்தைக் கடக்க முடியாது என்பது மனைவியின் கட்சி. மூன்று பேரில் இருவர் அந்தக் கட்சியில் இருந்ததால், 30 லிட்டர் கம்ப்ரசர் குளிர்பெட்டி நோட்டில் ஏறியது. பன்னிரண்டு வோல்ட்டில் ஓடும் அது, ஓடுகிற நேரத்தில் 4 ஆம்பியரை ஒட்டி இழுக்கும். வெளியே உள்ள வெப்பத்தைப் பொறுத்து நாளின் மூன்றில் ஒரு பங்கு முதல் பாதி வரை ஓடும். ஆக, ஒரு நாளைக்கு 30 முதல் 45 ஆம்பியர்-மணி. இதை எஞ்சினைக் கிளப்பும் பேட்டரியிலிருந்து எடுத்தால் காலையில் வண்டி கிளம்பாது என்பதால் இரண்டாவது பேட்டரி கட்டாயமாகிறது.

வீட்டு இன்வெர்ட்டருக்குப் பயன்படும் டியூபுலர் பேட்டரி மலிவு, ஆனால் உயரமானது, திரவம் தளும்பும். லித்தியம் பேட்டரி எடையில் பாதிக்கும் குறைவு. எடைக் கணக்கின்படி அதுதான் சரியான தேர்வு. ஆனால் கப்பலில் அனுப்ப அபாயகரச் சரக்குக்கான தனி ஆவணங்கள் வேண்டும். அதைச் சரியாக மின்னேற்ற ஒரு மாற்றிக் கருவியும் வேண்டும், அது பழுதானால் வழியில் மாற்று கிடைக்காது. ஆகவே அமிலம் கண்ணாடியிழை விரிப்பில் ஊறி நிற்கும், மூடப்பட்ட ஏ.ஜி.எம். வகையில், வழக்கமான 100 ஆம்பியர்-மணிக்குப் பதில் 65 ஆம்பியர்-மணி கொண்ட, 20 கிலோவை ஒட்டிய பேட்டரியை எடுத்தோம். ஈய பேட்டரியில் பாதி அளவுக்குமேல் வடிப்பது அதன் ஆயுளைத் தின்னும் என்றால் நமக்குக் கிடைப்பது 32 ஆம்பியர்-மணிதான். அன்றாடம் வண்டி ஓடும் பயணத்தில் அது ஓர் இரவைக் கடத்தப் போதுமானது. ஒரே இடத்தில் இரண்டு இரவு தங்கும்போது மட்டும் 100 வாட் மடிப்புச் சூரியத் தகட்டை விரித்தால், நல்ல வெயிலில் மேலும் 25 முதல் 30 ஆம்பியர்-மணி வந்துவிடும்.

இந்த வேலையில் அதிகம் கவனிக்க வேண்டியது கம்பியின் தடிமன். எஞ்சின் பகுதியிலிருந்து பின்பக்கம் வரை 5 மீட்டர். போகவும் வரவுமாக 10 மீட்டர். ஆறு சதுர மில்லிமீட்டர் செப்புக் கம்பியில் 20 ஆம்பியர் ஓடினால் வழியிலேயே 0.6 வோல்ட் போய்விடும். ஆல்டர்னேட்டர் கொடுக்கும் 14.2 வோல்ட், பேட்டரிக்கு வரும்போது 13.6 ஆகியிருக்கும்; அந்த அழுத்தத்தில் பேட்டரி நிரம்ப மிகவும் நேரம் பிடிக்கும். பதினாறு சதுர மில்லிமீட்டர் கம்பியில் இழப்பு 0.23 வோல்ட்தான். லோஹார் சாலில் கம்பி வாங்கும்போது மேலுறையின் பருமனைப் பார்த்து ஏமாறாமல், ஒரு முனையைச் சீவி உள்ளே செம்பு இழைகளைப் பார்ப்பது நல்லது; செம்பு முலாம் பூசிய அலுமினியம் அதே விலைக்கு விற்கப்படுகிறது, அது எடை குறைவாக இருப்பது கையில் தூக்கினாலே தெரியும். முனைகளை ஹைட்ராலிக் கருவியால் அழுத்தி, வெப்பத்தில் சுருங்கும் உறை போட்டு, இரண்டு பேட்டரிகளின் நேர்முனைக்கும் ஒரு சாண் தூரத்துக்குள் ஆளுக்கொரு ஃபியூஸ் வைத்தோம். கம்பியின் இரு முனைகளிலும் மின்மூலம் இருப்பதால் ஒரு பக்கம் மட்டும் ஃபியூஸ் வைத்துப் பயனில்லை. நடுவே, மின்னழுத்தத்தைக் கண்டு தானே இணைந்து பிரியும் ரிலே ஒன்று. லேமிங்டன் சாலையில் வாங்கிய அது 13.3 வோல்ட்டில் சேர்ந்து 12.8இல் பிரிகிறது.

துணி வேலை

வண்டிப் பக்கவாட்டில் விரிக்கும் நிழற்பந்தலுக்கும் பைகளுக்கும் தாராவி 90 அடிச் சாலைக்குப் பின்னால் உள்ள ஒரு தையல் கூடத்துக்குச் சென்றோம். அதை நடத்தும் அண்ணாச்சி திருநெல்வேலிப் பக்கத்துக்காரர். லாரிக்குத் தார்ப்பாய் தைத்துப் பழகிய கை. மும்பை மழைக்காலத்தில் ஊரையே மூடும் நீலத் தார்ப்பாயைத்தான் அவர் முதலில் எடுத்து விரித்தார். “நீலத்தையே எடுத்துக்கிடுங்க தம்பி, மழைக்கும் தாங்கும், விலையும் கம்மி” என்றார். நீலமும் கறுப்பும், கடித்து ரத்தம் குடிக்கும் செட்சி ஈக்களை ஈர்க்கும் நிறங்கள். ஆப்பிரிக்காவில் அந்த ஈக்களைப் பிடிக்க வைக்கும் பொறிகளே நீலக் கறுப்புத் துணியால் ஆனவை என்பதைச் சொன்னதும், ஊசி குத்தும் ஈயா என்று விசாரித்துவிட்டு, “அப்ப நீலம் வேண்டாம், ராணுவத் துணி இருக்கு, பூப்பூவா, அதுல தைச்சுத் தாரேன்” என்றார். அதுவும் ஆகாது. ஜாம்பியாவிலும் ஜிம்பாப்வேயிலும் பொதுமக்கள் ராணுவ வண்ணக்கோலத் துணியை அணிவதே குற்றம்; பந்தலாகக் கட்டிச் சென்று எல்லையில் வாதாடிக்கொண்டிருக்க விருப்பமில்லை. கடைசியில் மங்கிய காக்கி நிறப் பருத்திக் கித்தானில் முடிவாயிற்று. நனைந்தால் நூல் உப்பித் துளைகள் தாமே அடைபடும் தன்மை பருத்திக் கித்தானுக்கு உண்டு; பாலியெஸ்டர் தார்ப்பாயைவிட எடை கூடுதல், ஆனால் கிழிந்தால் எந்தத் தையற்காரரும் ஒட்டுப் போட முடியும்.

பைகளுக்கும் காரணம் உண்டு. கென்யா 2017 ஆகஸ்டிலும் தான்சானியா 2019 ஜூனிலும் பிளாஸ்டிக் கைப்பைகளைத் தடை செய்துவிட்டன. கென்யாவில் தண்டனை கடுமையானது. அரிசி, பருப்பு, மிளகாய்த்தூள், துணி, கருவி என்று எல்லாவற்றுக்கும் அண்ணாச்சி சுருக்குக்கயிறு வைத்த கித்தான் பைகள் தைத்துக் கொடுத்தார். ஒவ்வொன்றின் வாயிலும் வேறு வேறு நிற நூலால் ஒரு வரி ஓட்டியது அவருடைய யோசனை. இருட்டில் கைவிளக்கு வெளிச்சத்தில் கருவிப் பையை அடையாளம் காண அது மிகவும் உதவியது.

அடுப்பும் தண்ணீரும்

சமையல் வாயு உருளையைக் கன்டெய்னரில் ஏற்ற முடியாது. இந்திய ரெகுலேட்டர் அங்குள்ள உருளைகளில் பொருந்துவதும் இல்லை. அதனால் சோர் பஜாரில் பித்தளைப் பம்ப் ஸ்டவ் ஒன்றைத் தேடி எடுத்தோம். மும்பையில் இப்போது மண்ணெண்ணெய் கிடைப்பதே அரிது. கென்யாவிலோ பெட்ரோல் நிலையங்களிலேயே அது விற்கப்படுகிறது. பழைய ஸ்டவ்வில் பழுது என்பது பெரும்பாலும் இரண்டே இடத்தில்தான். நிப்பிளின் துளை கரியால் அடைபட்டிருக்கும், அதற்கு ஊசி போதும். பம்பின் தண்டில் உள்ள தோல் வாஷர் காய்ந்து சுருங்கியிருக்கும். அப்போது எவ்வளவு அடித்தாலும் காற்று ஏறாது. தாராவியில் தோல் வேலைக்கா பஞ்சம். இரண்டு மில்லிமீட்டர் தோலில் வட்டமாக வெட்டி, இரவு முழுவதும் எண்ணெயில் ஊறவைத்து, கிண்ண வடிவில் அழுத்திப் பொருத்தியதும் அழுத்தம் நின்றது. கூடுதலாக நான்கு வாஷர்களை வெட்டி வைத்துக்கொண்டோம், எடை சில கிராம்.

குக்கரை விட்டுச் செல்லலாம் என்ற பேச்சு எடைக் கணக்கில் வந்தபோது அதற்காக நான் வாதாடினேன். ங்கொரொங்கொரோ எரிமலை வாயின் விளிம்பில் உள்ள முகாம் ஏறத்தாழ 2,300 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே தண்ணீர் 92 டிகிரியிலேயே கொதித்துவிடும். திறந்த பாத்திரத்தில் துவரம்பருப்பு வேகக் காத்திருப்பவர் ஸ்டவ்வில் எரியும் மண்ணெண்ணெயின் எடையையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தண்ணீருக்குத் தனித் தொட்டியும் மோட்டாரும் வைக்கவில்லை. இருபது லிட்டர் கேன்கள் இரண்டு. கேனைத் தூக்கிக்கொண்டு குழாயடிக்குப் போகலாம், தொட்டியைத் தூக்க முடியாது. இரண்டையும் நடு இருக்கைக்குப் பின்னால், இரு அச்சுகளுக்கும் இடையில் தாழ்வாக வைத்துப் பட்டையால் கட்டினோம். மேற்சொன்ன அதே முகாமில், முகாமின் தண்ணீர்த் தொட்டியில் குடிக்க யானைகள் தாமாகவே வந்து நிற்பது வழக்கம். அப்போது குழாயடிக்கு யார் போவது என்ற கேள்வியே எழாது, கேனில் இருக்கும் தண்ணீரில்தான் சமையல்.

எடை மேடை

எல்லாம் ஏற்றி முடித்தபின் வாஷியில் லாரிகள் நிறுக்கும் எடை மேடைக்கு வண்டியைக் கொண்டுசென்றோம். முழு வண்டியை மட்டும் நிறுத்தால் போதாது. முன்சக்கரங்களை மட்டும் மேடையில் ஏற்றி ஒருமுறை, பின்சக்கரங்களை மட்டும் ஏற்றி ஒருமுறை நிறுக்க வேண்டும். மூன்று பேரும் உட்கார்ந்த நிலையில் மொத்தம் வரம்புக்கு 30 கிலோ குறைவாகவே வந்தது, ஆனால் பின் அச்சு அளவுக்குமேல் அமுங்கியிருந்தது. கனமான சுருள்வில் மாற்றலாம் என்று உஸ்தாத் சொன்னார். அதற்குமுன் கருவிப் பெட்டியையும் இழுப்புக் கயிறு, சங்கிலி முதலியவற்றையும் நடு இருக்கையின் அடிக்கு மாற்றிப் பார்த்தோம். முன்னும் பின்னும் இருந்த வேறுபாடு கணிசமாகக் குறைந்ததால் சுருள்வில் செலவு மிச்சமாயிற்று. பிறகு மழை விடாத ஒரு வார இறுதியில் பண்டார்தராவில் ஏரிக்கரையில் தங்கி, கூடாரத்தின் தையல்களும் பந்தலும் குளிர்பெட்டியும் ஒழுங்காக இருப்பதைப் பார்த்துக்கொண்டோம்.

கன்டெய்னரில் ஏற்றும் நாளுக்கு நவ சேவா துறைமுகத்தின் சரக்குக் கிடங்குக்கு டீசல் தொட்டியை ஏறக்குறைய காலியாக்கிக்கொண்டு போக வேண்டும். பேட்டரி முனைகளைக் கழற்றி உறையிட வேண்டும். சக்கரங்களுக்கு அடியில் வைக்கும் மரக்கட்டைகள் வெப்பப் பதம் செய்யப்பட்டு அதற்கான முத்திரை குத்தப்பட்டவையாக இருக்க வேண்டும், இல்லையெனில் இறங்கும் துறைமுகத்தில் தாவர நோய்த்தடுப்பு அதிகாரிகள் நிறுத்திவிடுவார்கள். சக்கர வளையின் உட்பகுதியில் ஒட்டிய சேற்றையும் கழுவிவிட்டுத்தான் ஏற்றினோம். பந்தலின் சட்டத்தைக் கழற்றி உள்ளே வைத்ததால் கதவுக்கும் கூரைக்கும் இடையே தாராளமாக ஒரு சாண் இடம் இருந்தது.

சாலையில்

மொம்பாசாவிலிருந்து நைரோபிக்குப் போகாமல் வோய், தவேத்தா வழியாகத் தான்சானியாவின் மோஷிக்கும் அருஷாவுக்கும் சென்றோம். எல்லை வரை நல்ல தார்ச்சாலை. வண்டிக்கு உண்மையான சோதனை ங்கொரொங்கொரோவிலிருந்து செரெங்கெட்டிக்கு இறங்கும் சரளைச் சாலையில் வந்தது. தகரக் கூரையைப் படுக்கவைத்தாற்போல் குறுக்கே நெளிநெளியாகக் கிடக்கும் அந்தச் சாலையில், மெதுவாகப் போனால் ஒவ்வொரு நெளிவும் பல்லில் தெரியும். விரைந்தால் சக்கரம் நெளிவுகளின் உச்சிகளை மட்டும் தொட்டு ஓடும், ஆனால் பிரேக்கும் ஸ்டீயரிங்கும் பாதிதான் கேட்கும். டயர் அழுத்தத்தை 34 பி.எஸ்.ஐ.யிலிருந்து 25க்குக் குறைத்து, 50 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டாமல் ஓட்டியது எங்களுக்குப் பொருந்தியது. எதிரே வரும் லாரியின் தூசு உள்ளே வராமலிருக்க, கண்ணாடிகளை ஏற்றிவிட்டு, வெளிக்காற்றை உள்ளிழுக்கும் நிலையில் காற்றாடியை முழு வேகத்தில் வைத்தால் வண்டிக்குள் காற்றழுத்தம் கூடித் தூசை வெளியே தள்ளும். பின்கதவின் ரப்பரை மாற்றுவதைக் காட்டிலும் இது பலன் தந்தது.

பந்தல் சட்டத்தைத் தாங்கும் மூலைத்தகடு ஒன்று அந்தச் சாலையில் விரிசல் விட்டது. கராத்துவில் சாலையோரப் பட்டறை ஒன்றில் இரும்புத் தகட்டுத் துண்டு வைத்துப் பற்றவைத்தார்கள். அங்கே நாம் மறக்காமல் செய்ய வேண்டியது, வெல்டிங் தொடங்குமுன் இரண்டு பேட்டரிகளின் எதிர்முனைகளையும் கழற்றுவது. ஒன்றை மட்டும் கழற்றினால் ரிலே வழியாக மற்றது மின்னணுக் கட்டுப்பாட்டுப் பெட்டியோடு இணைந்தே இருக்கலாம். வெல்டரிடம் பூமிக்கம்பியைப் பற்றவைக்கும் இடத்துக்கு மிக அருகில் கவ்வச் சொல்ல வேண்டும்.

எடைக் கணக்கு எதிர்பாராத ஓர் இடத்தில் பணமாகவும் திரும்பியது. தான்சானியாவின் தேசியப் பூங்காக்களில் வெளிநாட்டுப் பதிவு வண்டிக்கான அன்றாடக் கட்டணம் காலி எடையைப் பொறுத்தது. 2,000 கிலோவைத் தாண்டினால் அது சில மடங்கு உயர்கிறது. எங்கள் பதிவுச் சான்றிதழில் உள்ள காலி எடை அந்தக் கோட்டுக்குக் கீழே இருந்தது.

ஜாம்பியாவில் முன்புறம் வெள்ளை, பின்புறம் சிவப்பு ஒளிமீள் பட்டைகளும் இரண்டு எச்சரிக்கை முக்கோணங்களும் இருக்கின்றனவா என்று பார்க்கிறார்கள். பட்டைகளைக் குர்லாவிலேயே லாரிக்கு ஒட்டும் வகையில் வாங்கி ஒட்டியிருந்தோம். ஜாம்பசி ஆற்றின்மேல் 2021 மேயில் திறக்கப்பட்ட 923 மீட்டர் நீளமுள்ள கசுங்குலா பாலம் இருப்பதால், முன்பு மிதவைப் படகுக்குக் காத்திருந்த நேரம் இப்போது இல்லை. பாலத்தைக் கடந்தால் போட்ஸ்வானா. அங்கே கால்நடை நோய்த்தடுப்பு வேலிகளில் செருப்பை மருந்து நீரில் மிதிக்கச் சொல்லி, குளிர்பெட்டியில் பச்சை இறைச்சி உண்டா என்று திறந்து பார்க்கிறார்கள். குளிர்பெட்டியைப் பின்கதவை ஒட்டி வைத்திருந்ததால் ஒவ்வொரு வேலியிலும் சாமானை இறக்க வேண்டியிருக்கவில்லை, உள்ளே தயிரைப் பார்த்துவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

கசானேயிலிருந்து சாவுத்தி வழியாக மவுனுக்குச் செல்லும் மணற்பாதை ஏறத்தாழ 400 கிலோமீட்டர், நடுவே எரிபொருள் இல்லை. தார்ச்சாலையில் லிட்டருக்கு 11 கிலோமீட்டர் தந்த வண்டி, மணலில் 16 பி.எஸ்.ஐ. அழுத்தத்தில் 6 தந்தது. 60 லிட்டர் தொட்டி போதாது. கசானேயில் வாங்கிய 20 லிட்டர் எஃகுக் கேன் இந்த ஒரு பகுதிக்கு மட்டுமே தேவைப்பட்டது; மவுனில் அதை விற்றுவிட்டோம். முழுப் பயணத்துக்கும் கேன்களைக் கூரையில் சுமந்து செல்பவர்களைப் பார்த்தால் எனக்கு விளங்குவதில்லை.

காரனேயைப் பற்றி ஒன்று. ஒவ்வொரு நாட்டுக்கும் ஒரு தாள். அதில் நுழையும் பகுதியைக் கிழித்து எடுத்துக்கொண்டு அடித்தாளில் முத்திரை இடுவார்கள், வெளியேறும்போதும் அப்படியே. போட்ஸ்வானாவும் நமீபியாவும் ஒரே தெற்கு ஆப்பிரிக்க வட்டாரச் சுங்க ஒன்றியத்தில் இருப்பதால் இரண்டுக்கும் சேர்த்து ஒரே தாள். வெளியேறும் முத்திரை ஒன்று விடுபட்டாலும் அந்த நாட்டில் வண்டி விற்கப்பட்டதாகக் கருதப்பட்டு வரிக் கோரிக்கை எழக்கூடும் என்பதால், தான்சானியா, ஜாம்பியா எல்லையில் உள்ள துன்டுமாவில் லாரிகளின் நீண்ட வரிசையில் நின்றபோதுகூட முத்திரையைச் சரிபார்த்த பிறகே வண்டியை நகர்த்தினோம். வால்விஸ் பேயில் வெளியேறும் முத்திரை, நவ சேவாவில் மறு இறக்குமதி முத்திரை, பிறகு ஏட்டை அசோசியேஷனிடம் ஒப்படைத்து அவர்கள் தாள்களைச் சரிபார்த்த கடிதம். இம்மூன்றும் கையில் இருந்தால்தான், காரனே வாங்க நாங்கள் கொடுத்திருந்த வங்கி உத்தரவாதத்தை வங்கி விடுவிக்கும். கன்டெய்னரிலிருந்து வண்டியை இறக்கிய அன்றே பெட்டியையும் பேட்டரியையும் கழற்றி, மடித்துக் கட்டியிருந்த பின் இருக்கைகளை இறக்கிவிட்டு, பதிவுச் சான்றிதழில் உள்ளபடியே வண்டியைச் சுங்க ஆய்வுக்கு நிறுத்தினோம்.